கடைசிப் பறிப்பு நாளில் நம் ரம் கஷாயம்

இன்று காலை முகம் கழுவும்போது கையில் கிராம்பும் ஆரஞ்சுத் தோலும் மணந்தன. சோப்புப் போட்டும் போகவில்லை. நேற்று காப்பிப் பறிப்பு முடிந்தது. நீ இல்லாத முதல் பறிப்பு. நடந்ததை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

பறிப்பு முடிகிற நாளில் நம் நாகலூர் எஸ்டேட்டில் ஆண்களுக்கு ரம், பெண்களுக்கு பிஸ்கட் பாக்கெட் என்பதுதான் வழக்கம். ஒரு வருஷம் நீ பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கணக்கெழுதும் ரைட்டரிடம் கேட்டாய்: "ஏனுங்க ரைட்டரே, குளிரு ஆம்பளைங்களுக்கு மட்டுந்தான் அடிக்குதுங்களா?" அவர் காதில் விழாததுபோல் போய்விட்டார். அடுத்த வருஷம் நீயே ஒயின்ஷாப் வரிசையில் ஆண்களோடு நின்று ஒரு பாட்டில் வாங்கி வந்தாய்.

முதலாளி பங்களா சமையலறையில் பார்த்த பக்குவம் என்றாய். ஆரஞ்சுத் தோல், பட்டை, கிராம்பு, மிளகு, வெல்லம் எல்லாம் கொதிக்கும்போதே ரம்மையும் ஊற்றி, என் வீட்டு அடுப்பில் காப்பித்தண்ணி மாதிரி நெடுநேரம் காய்ச்சினாய். சரக்கு ஆவியாகப் போனது தெரியாமல் பறிக்கிற பெண்கள் நாம் எல்லாரும் போதை ஏறியதாக நினைத்து ஆடினோம். மறுநாள் நீதான் கண்டுபிடித்தாய். "புள்ள, போதையெல்லாம் உங்கூட்டுக் கூரை ஓட்டுக்குத்தான் ஏறிருக்குது." அதன்பிறகு அடுப்பை அணைத்துவிட்டுத்தான் ரம் ஊற்றி, தட்டுப் போட்டு மூடினோம். ஆளுக்கு ஒரு டம்ளர். இரண்டாவது கேட்டவளை நீ முறைப்பாய்.

இந்த வருஷம் எல்லாரும் பின்வாங்கினார்கள். "அக்கா இல்லாம எதுக்குங்க?" என்றார்கள். உன் மகன் வீட்டுக்கே வந்துவிட்டான்.

"அம்மா செத்து வருசங்கூடத் திரும்பலீங்க அத்தை. ஊரு என்ன பேசும்?"

எனக்குக் கோபம் வந்தது. ஒரு வருஷம் விட்டால் அவ்வளவுதான். மறுபடியும் பிஸ்கட்டோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். "பேசட்டும் கண்ணு. உங்கம்மாளையுந்தான் பேசுச்சு," என்றேன். ஒயின்ஷாப்புக்கு நானே போனேன். வரிசையில் ஆண்களோடு நின்றேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொள்ளவில்லை.

மாலையில் தயங்கித் தயங்கி எல்லாரும் வந்தார்கள். டம்ளரை வாங்கினார்கள், யாரும் வாயில் வைக்கவில்லை. முதல் மடக்கு எப்போதும் நீ குடிப்பாய். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். உன் மகன் வாசலில் நின்றான். எனக்கு அழுகை முட்டியது. நான் அழுதால் அவர்களும் அழுதுவிட்டு டம்ளரைக் கீழே வைத்துவிடுவார்கள். அதனால் குடித்தேன். தொண்டை எரிந்தது. பிறகு ஒவ்வொருத்தியாகக் குடித்தார்கள்.

உன் மகன் உள்ளே வந்து ஒரு வாய் குடித்துப் பார்த்தான்.

"அம்மா இன்னுங் கொஞ்சம் வெல்லம் போடுவாங்க அத்தை."

"அடுத்த வருசம் போட்டுர்றேன் சாமி," என்றேன்.

முதல் மடக்கு இனி என்னுடையது. அதை நான் உன்னிடம் கேட்டு வாங்கவில்லை. ஆனால் விடமாட்டேன்.