பொங்கவிடக் கூடாத பால்

பாப்பாவின் அப்பாவுக்கு,

ஃபிரிட்ஜில் பாப்பாவுக்கு இரண்டு புட்டி இருக்கிறது. நேற்று மாதிரி அடுப்பில் வைத்துப் பொங்கவிடாதீர்கள். அது பாக்கெட் பால் இல்லை. ஆபீஸ் ஸ்டோர் ரூமில், தாழ்ப்பாள் இல்லாத கதவைக் காலால் அடைத்துக்கொண்டு நான் எடுத்த தாய்ப்பால். காய்ச்சிக் கெடுத்ததும் இல்லாமல், "ஏடே பிடிக்கலையே, தண்ணி கலந்துட்டியா?" என்று வேறு கேட்டீர்கள்.

புட்டியை வெந்நீர்க் கிண்ணத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தினால் போதும். இதுவும் வீணானால் நான் வரும்வரை அவள் பட்டினி.

சாவி ஆணியில் இருக்கிறது.

பி.கு.: புட்டியில் எழுதி ஒட்டியது போதாதென்று, உங்கள் நெற்றியிலும் "காய்ச்சாதே" என்று எழுதப் பேனாவோடு வந்தேன். அவள் உங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறாள். எழுதினால் விழித்துக்கொள்வாள். பிழைத்தீர்கள்.