ரேடியேட்டரில் ஊற்றிய அக்கானி

அமரவிளை,
10-4-1996

கர்த்தருக்குள் அன்பான ஈசாக் அண்ணனுக்கு, தம்பி யோசுவா எழுதுவது.

இங்கு நான், ஞானபாய், மகள் ஜோஸ்னா மூவரும் சுகம். அங்கு நீங்களும் மதினியும் பிள்ளைகளும் சுகம் என்று நம்புகிறேன் என எழுதத்தான் கை பழகியிருக்கிறது. ஆனால் நீங்கள் சுகமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். அதற்குக் காரணம் யார் என்பதும் தெரியும். கை எப்படி இருக்கிறது?

நேற்று பாலராமபுரம் சந்தையில் உங்கள் பக்கத்து வீட்டுப் பொன்னப்பனைப் பார்த்தேன். ஈசாக்கு பனையேறி இரண்டு வாரத்துக்கு மேலாகிறது, வலது மணிக்கட்டு வெந்துபோய்க் கிடக்கிறது என்றான். எப்படி என்று கேட்டேன். வீட்டில் அடுப்பிலிருந்த சுடுவெள்ளம் கவிழ்ந்துவிட்டதாம். நீங்கள்தான் அப்படிச் சொன்னீர்களாம். மதினியிடம்கூட உண்மையைச் சொல்லவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வாங்கிய சேனைக்கிழங்கைச் சந்தையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். வீட்டில் ஞானபாய் பையைப் பார்த்துக் கேட்டபிறகே அது நினைவுக்கு வந்தது.

இங்கிருந்து கோட்டுகாலுக்கு இரண்டு பஸ் மாறினால் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்துக்குப் பயந்து கடிதம் எழுதுகிறவனை என்னவென்று சொல்வது? இருபத்தாறு வருடம் பொய் சொன்ன பிள்ளைகளைப் பெஞ்சில் ஏற்றி நிறுத்திய வாத்தியார் நான். எனக்கு ஒரு பெஞ்சு போட ஆளில்லை.

ரோட்டில் நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதற்கு முன்னால் நடந்தது உங்களுக்குத் தெரியாது. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் என் அழுக்கு முழுதும் வெளியே வரும்.

அந்த பியட் காரை நான் வாங்கும்போதே அதற்குப் பதினைந்து வயது. ஒரு வருடமாக ரேடியேட்டரில் ஒழுக்கு. வர்க்‌ஷாப் விஜயதாஸ் முதலில் சோப்பு வைத்து அடைத்தான், பிறகு ஈயம் வைத்துப் பார்த்தான், ஹோஸை மாற்றினான். கடைசியில் பச்சை நிறத்தில் கூலன்ட் வாங்கி ஊற்றினான். அதுவும் தங்கவில்லை. காலையில் எழுந்தால் காருக்கு அடியில் முற்றத்தில் பச்சையாகத் தேங்கி நிற்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் எழுவதற்கு முன்னால் மண் அள்ளிப்போட்டு மூடுவேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. ரேடியேட்டரையே மாற்ற வேண்டும், அதுவரை டிக்கியில் இரண்டு கேன் தண்ணீர் இல்லாமல் வண்டியை வெளியே எடுக்கக் கூடாது, சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டால் அந்த இடத்திலேயே நிறுத்தி ஆறவிட வேண்டும் என்று விஜயதாஸ் படித்துப் படித்துச் சொன்னான்.

போன மாதம் 23-ஆம் தேதி சனிக்கிழமை, ஜோஸ்னாவைப் பார்க்கத் திருவனந்தபுரத்திலிருந்து வந்தார்கள். பையன் பெயர் சானு, பாங்கில் வேலை. அப்பாவும் அம்மாவும் மட்டும் பஸ்ஸில் வந்தார்கள். காப்பி குடித்து, பெண்ணைப் பிடித்த முகத்தோடு பேசிவிட்டு, விழிஞ்ஞத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போக வேண்டும் என்று எழுந்தார்கள். நானே காரில் கொண்டு விடுகிறேன் என்றேன். பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறோம் என்று எவ்வளவோ சொன்னார்கள், நான் கேட்கவில்லை. சம்பந்தி ஏறுகிற வண்டியில் தண்ணீர்க் கேன் கிடந்தால் கேவலம் என்று இரண்டு கேனையும் எடுத்து விறகுப்புரையில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

நெய்யாற்றின்கரை தாண்டியதும் முள் ஏறத் தொடங்கியது. அவர்கள் முள்ளைப் பார்க்காமல் இருக்க நான் பள்ளிக்கூடத்துக் கதைகளாகச் சொல்லிக்கொண்டே போனேன். கோட்டுகால் நெருங்கியதும் வேறொரு பயம் பிடித்தது. உங்கள் வீடு அந்த ரோட்டில்தான் இருக்கிறது என்ற பயம். அங்கே மட்டும் நின்றுவிடக் கூடாது என்று ஆக்சிலேட்டரை மிதித்தேன். மிதித்ததுதான் வினை. உங்கள் வீட்டுக்கு நூறடி தூரத்தில் பானெட்டிலிருந்து ஆவி அடித்து வண்டி நின்றுவிட்டது.

நீங்கள் பனையிறங்கி வந்த கோலத்தில், சைக்கிளில் அப்போது இறக்கிய அக்கானிக் குடத்தோடு வந்தீர்கள். என்னைக் கண்டதும் உங்கள் முகம் மலர்ந்தது. ‘எலே’ என்று கூப்பிட வாய் திறந்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் முந்திக்கொண்டேன். இங்கே தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று, முன்பின் தெரியாத ஆளிடம் கேட்பதுபோலக் கேட்டேன். உங்கள் வாய் மூடிக்கொண்டது. உங்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஊரில் எல்லாரும் வாத்தியார்களை அழைப்பதுபோலச் சொந்தத் தம்பியை ‘சாரே’ என்று அழைத்தீர்கள். பக்கத்தில்தான் கிணறு, தண்ணீர் கோரிக்கொண்டு வருகிறேன், அதுவரை அந்த அம்மா வெயிலில் நிற்க வேண்டாம், வீட்டில் வந்து இருந்து ஆளுக்கொரு டம்ளர் அக்கானி குடிக்கட்டும் என்றீர்கள்.

வீட்டுச் சுவரில் அப்பா அம்மா படத்துக்குப் பக்கத்தில் என் படத்தை மாட்டி வைத்திருக்கிறீர்கள். மதினி என்னைக் கண்டால் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அதனால்தான் வேண்டாம் என்றேன். நேரமில்லை, அந்தக் குடத்தில் இருப்பதையே ரேடியேட்டரில் ஊற்றும் என்றேன்.

“இது அக்கானியாக்கும் சாரே. கொதிச்சா கருப்பட்டியாவும். வண்டிக்கு ஆவாது” என்றீர்கள்.

எனக்குத் தெரியாதா அண்ணா? அம்மா கருப்பட்டி காய்ச்சின அடுப்புக்குச் சருகு தள்ளி வளர்ந்தவன்தானே நானும். தெரிந்துதான் ஊற்றச் சொன்னேன். நான் மூடியைத் திறக்கப் போனபோது என் கையைத் தட்டிவிட்டு, தோளில் கிடந்த தோர்த்தைக் கையில் சுற்றி நீங்களே திறந்தீர்கள். சீறி வந்த ஆவி என் கையில் பட்டிருக்க வேண்டியது. வெந்த கையோடு குடத்தைச் சாய்த்து ஊற்றினீர்கள். அம்மாவின் அடுப்படியில் வரும் அதே மணம் ரோட்டில் வந்தது. நீங்கள் என்னைப் பார்க்கவில்லை.

அப்போது சானுவின் அப்பா, இந்த ஆளை உங்களுக்குத் தெரியுமா என்று என்னிடம் கேட்டார். தெரியாது, இந்தப் பக்கத்து ஆள் யாரோ என்று சொன்னேன். நீங்கள் இரண்டடி தள்ளி நின்று கையை ஊதிக்கொண்டிருந்தீர்கள். என் குரல் தடுமாறியதைக் கண்டு நீங்களே இடையில் வந்தீர்கள்.

“சாரு இந்த வழிக்கு வாறதே இல்லியே. பின்ன எப்பிடித் தெரியும்?”

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னீர்கள். ஆனால் அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. சாப்பிட உட்கார்ந்தாலும் வகுப்பில் நின்றாலும் அதுதான் காதில் கேட்கிறது. நீங்கள் கோபப்பட்டு நாலு பேர் முன்னால் என்னை அறைந்திருந்தால்கூட இந்தப் பாடு பட்டிருக்க மாட்டேன்.

வண்டி அதற்குப் பிறகு இரண்டு கிலோமீட்டர்கூட ஓடவில்லை. ஒரு ஏற்றத்தில் அடித்துக்கொண்டு நின்றது, நின்றதுதான். அவர்களை ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். ஏறும்போது சானுவின் அம்மா, அக்கானி குடித்துப் பல வருடமாகிறது, அந்த மனிதர் அவ்வளவு ஆசையாகக் கூப்பிட்டாரே, ஒரு வாய் குடித்திருக்கலாம் என்று சொன்னார்கள். யாருக்காக நான் உங்களை மறைத்தேனோ அவர்களே சொன்னது இது.

விஜயதாஸ் என்ஜினைத் திறந்து காட்டினான். ஹெட் வளைந்துவிட்டது, பிஸ்டன் பிடித்துக்கொண்டது, தண்ணீர் ஓடும் வழியெல்லாம் கறுப்புப் பாகு. ஸ்குரூடிரைவரால் சுரண்டி மோந்து பார்த்துவிட்டு அவன் சிரித்த சிரிப்பு கடைத்தெரு முழுக்கப் பரவிவிட்டது. இப்போது அமரவிளையில் எனக்குப் பெயர் கருப்பட்டி சாரு. நானும் கூடச் சேர்ந்து சிரித்து வைக்கிறேன். அக்கானி எங்கே கிடைத்தது என்று ஞானபாய் கேட்டதற்கு, ரோட்டோரத்தில் வாங்கினேன் என்றேன். போகட்டும், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அவள் ஆறுதல் சொன்னாள். தலையே போனது அவளுக்குத் தெரியாது.

கார் வாங்கிய புதிதில் நீங்கள் பார்க்க வந்தது நினைவிருக்கிறதா? முன் சீட்டில் உட்கார்ந்து, காலை வெளியே போட்டுக்கொண்டே இருந்தீர்கள். எனக்க கால்மண்ணு வண்டியில விழப்பிடாது என்றீர்கள். உள்ளே வையுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஐந்து வருடத்தில் ஒருநாள்கூட உங்களை அந்த வண்டியில் ஏற்றவில்லை. ஒழுக்கு ரேடியேட்டரில் மட்டும் இருந்திருந்தால் விஜயதாஸ் அடைத்திருப்பான்.

நேற்று சந்தையிலிருந்து வந்ததும் ஞானபாயிடமும் ஜோஸ்னாவிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஞானபாய் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். ஜோஸ்னா மட்டும், பெரியப்பா கையைப் பிடித்து ஆலயத்துக்குள் கூட்டிப்போகாத கல்யாணம் எனக்கு வேண்டாம் என்றாள்.

சானு வீட்டார் சம்மதம் என்று எழுதி, மே மாதம் 20-ஆம் தேதி திங்கட்கிழமை என்று நாளும் குறித்துவிட்டார்கள். இன்று காலை அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அன்று ரோட்டில் கையை வேகவைத்துக்கொண்டவர் என் கூடப்பிறந்த அண்ணன், அவரைத் தெரியாது என்று சொன்னது நான் என்று எழுதினேன். ஜோஸ்னாவிடம் காட்டினேன். வாசித்துவிட்டு அவளே உறையை ஒட்டித் தந்தாள். அதைத் தபாலில் போட்டுவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். அண்ணனையே தெரியாது என்றவன் வீட்டில் பெண்ணெடுக்க அவர்கள் யோசித்தால் அவர்கள் மேல் தப்பில்லை. ஆனால் என் மகளின் வாழ்க்கையை நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது. நீங்கள் ஜெபிக்கும்போது அவளை நினைத்துக்கொள்ளுங்கள். எனக்காக வேண்டாம்.

கை முழுதும் ஆறாமல் பனையேறாதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா, கட்டு யார் மாற்றுகிறார்கள் என்று ஒன்றும் தெரியவில்லை. வருகிற சனிக்கிழமை முதல் பஸ்ஸில் நான் வருவேன். அதற்கு முன் இந்தக் கடிதம் கிடைத்துவிடும். இதை மதினியும் பிள்ளைகளும் கேட்க உரக்க வாசித்துவிடுங்கள். சுடுவெள்ளம் கவிழ்ந்த கதையை எனக்காக நீங்கள் இனிமேலும் சுமக்க வேண்டாம். கேட்டபிறகு மதினி கதவைத் திறக்காவிட்டால் முற்றத்தில் நின்றுவிட்டுத் திரும்புவேன். அடுத்த சனிக்கிழமையும் வருவேன்.

கர்த்தர் கிருபையால் கல்யாணம் நடக்குமானால், வாடகைக் காரின் முன் சீட்டு உங்களுக்கு. கால்மண்ணைத் தட்டாமல் ஏற வேண்டும். ஆலய வாசலில் சபையாரும் சம்பந்திகளும் கூடி நிற்பார்கள். நான் அவர்கள் நடுவில் நிற்பேன். நீங்கள் வண்டியை விட்டு இறங்கி, அத்தனை பேர் காதிலும் விழும்படி, அன்று ரோட்டில் கூப்பிட வந்ததுபோல, என்னை ‘எலே’ என்று ஒரு தடவை கூப்பிட வேண்டும் அண்ணா.

உங்கள் தம்பி,
யோசுவா