அரசுப் பட்டியலில் தம்பியின் பெட்டி

பிப்ரவரி 4
செயின்ட் லூயிஸ். வீட்டில் இரண்டு நாள் ஓய்வு. துணி துவைத்தேன், பாலாடைக்கட்டி வைத்து எங்கள் ஊர் அடையான பீத்தா சுட்டேன்.

தம்பி நிஹாத் வாயெல்லாம் பல்லாக வந்தான். அவன் செய்த பெட்டி அரசுப் பட்டியலில் ஏறிவிட்டது! லாரியை யார், எவ்வளவு நேரம் ஓட்டினார்கள் என்று தானே பதியும் பெட்டி. பட்டியலில் இல்லாததை மாட்டிக்கொண்டு சாலையில் போக முடியாது. மூன்று வருடமாக அந்தக் கார் ஷெட்டுக்குள்ளேயே கிடந்தான் பிள்ளை. நம் போஸ்னியாக்காரர்கள் நாற்பது பேர் இப்போதே கேட்டிருக்கிறார்களாம்.

என் வீட்டுக்காரர் ரிஃபெத் சும்மா இருப்பாரா? "யாரு மாப்ளே சோதிச்சுப் பார்த்தா?" என்றார்.

"யாரும் இல்ல அத்தான். விதிப்படி சரியா இருக்குன்னு செஞ்சவனே எழுதிக் கொடுத்துப் பதியணும்."

"அப்போ உன் பரீட்சைப் பேப்பரை நீயே திருத்தி, நீயே நூத்துக்கு நூறு போட்டுக்கிட்ட. பலே!"

இப்படிப் பேசிவிட்டு முதல் பெட்டியை எங்கள் லாரியில்தான் மாட்டச் சொன்னார். ரிஃபெத்துக்கு வாய் ஒன்று, மனசு வேறு.

பிப்ரவரி 5
மாட்டியாயிற்று. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. தம்பி செய்தது என்பதால் சொல்லவில்லை. (அதனால்தான் சொல்கிறேன்.)

பிப்ரவரி 19
வயோமிங். லாரிகளை எடைபோட்டுச் சோதிக்கும் மேடையில் நிறுத்திவிட்டார்கள். நானும் ரிஃபெத்தும் மாறி மாறி ஓட்டுகிறோம், ஒருவர் ஓட்டும்போது மற்றவர் பின்னால் படுத்துத் தூங்குவோம். ஆள் மாறும்போது பெட்டியில் பெயரையும் மாற்ற வேண்டும். நான் ஓட்டிய நேரமெல்லாம் இன்று ரிஃபெத் பெயரில் ஏறியிருந்தது. சோதித்த அம்மாள், "இவர் அளவுக்கு மேல ஓட்டியிருக்கார். இன்னும் பத்து மணி நேரம் ஸ்டீரிங்கைத் தொடக்கூடாது" என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

"பேர் மாத்த நான்தான் மறந்துட்டேன்" என்றேன். மறந்தேனா? மாற்றியதாகத்தான் ஞாபகம். மலைக்கு நடுவில், போனில் சிக்னலே இல்லாத இடம் அது. தெரியவில்லை.

மிச்ச தூரம் நான் ஓட்டினேன். ரிஃபெத் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துச் சுளை சுளையாக என் வாயில் ஊட்டினார். "தண்டனைன்னா இப்படி இருக்கணும்" என்று சிரிப்பு வேறு.

பிப்ரவரி 20
நிஹாத்திடம் போனில் சொன்னேன். "நீதான் மறந்திருப்பே அக்கா. வீட்டுச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள்ள வெச்சவ தானே நீ?" என்றான். அதுவும் உண்மைதான்.

மார்ச் 7
நெவாடா.

இந்தத் தடவை நான் மறக்கவில்லை. மலைமேல் ஆள் மாறினோம். பெயரை மாற்றிவிட்டு இன்னொரு முறையும் பார்த்தேன். ஆனாலும், பிறகு பார்த்தால், நான் ஓட்டிய நேரத்தை ரிஃபெத் பெயரில்தான் ஏற்றியிருக்கிறது. நான் ஓட்டவே இல்லை என்பதுபோல, எனக்கு இன்னும் நிறைய நேரம் மிச்சம் என்று காட்டியது. உடம்பு முடியாது என்றது, பெட்டி முடியும் என்றது. தம்பி செய்த பெட்டியாச்சே — அதை நம்பினேன்.

கண் எப்போது மூடியது? தூங்கி விலகுகிறவர்களை எழுப்பச் சாலை ஓரத்தில் வெட்டியிருக்கும் வரிப்பள்ளத்தில் சக்கரம் ஏறித் தடதடவென்று லாரியே அதிர்ந்தபோதுதான் விழித்தேன். ரிஃபெத் காலுறையோடு முன்னால் பாய்ந்து வந்தார். ஓரம்கட்டிய பிறகும் நான் ஸ்டீரிங்கை விடவில்லை. என் விரல்களை அவர்தான் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம்!

அப்புறம் சொன்னார்: "நிஹாத்கிட்ட எதுவும் சொல்லாதே. பேர் மாத்த நான்தான் மறந்தேன்னு சொல்லிடறேன். என்னை என்ன வேணா பேசட்டும், பரவாயில்ல."

நாள் முழுக்க அவனைக் கிண்டல் செய்கிற மனுஷன்.

மார்ச் 9
சொல்லாவிட்டால்? அந்த நாற்பது லாரியில் இன்னும் எத்தனை புருஷன் பெண்டாட்டி மாறி மாறி ஓட்டுகிறார்களோ. சொன்னால்? மூன்று வருடம் ஊரெல்லாம் அவனைப் பைத்தியம் என்றது. இப்போதுதான் நிமிர்ந்து நடக்கிறான். அதை நானா போய்க் கெடுப்பது? நான் தூக்கி வளர்த்த பிள்ளை.

மார்ச் 11
சொல்லிவிட்டேன். என் சமையலறையில், அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

ரிஃபெத் குறுக்கே விழுந்தார். "அவ கிடக்கா, உளர்றா! நான்தான் மறந்து தொலைச்சேன்."

"அத்தான், அக்கா ஓட்டறப்போ நீங்க பின்னால தூங்கிட்டுதானே இருந்தீங்க" என்றான் நிஹாத். பிறகு என்னைப் பார்த்து, "நிஜமாவே மாத்தினியா அக்கா?"

"ரெண்டு தடவை பார்த்தேன்டா."

காப்பியைத் தொடாமல் எழுந்து போய்விட்டான்.

மார்ச் 14
நிஹாத்திடமிருந்து போன் இல்லை.

மார்ச் 15
இன்றும் இல்லை. நானாகக் கூப்பிடலாம். பயமாக இருக்கிறது.

மார்ச் 17
கூப்பிட்டான். இத்தனை நாளும் சிக்னல் இல்லாத காட்டு மலைப் பக்கம் ஒரு லாரியை எடுத்துக்கொண்டு போய், பெயரை மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறான். "எப்பவும் இல்ல அக்கா. எப்பவாவது ஒரு தடவை பழைய பேரிலேயே நின்னுடுது. சரி பண்ண மாசக்கணக்காகும்."

"அரசாங்கத்துக்குத் தெரியுமா?"

"தெரியாது. சரியா இருக்குன்னு எழுதிக் கொடுத்தவன் நான்தானே? சரியில்லன்னும் நானே எழுதிக் கொடுத்துட்டேன். பட்டியல்லேர்ந்து எடுத்தாச்சு."

ஒவ்வொரு ஓட்டுநரையும் அவனே கூப்பிட்டுச் சொன்னானாம். வேறு பெட்டி வாங்கும்வரை ஓட்டிய நேரத்தைக் காகிதத்தில் எழுத வேண்டுமே என்று எல்லோரும் கண்டபடி ஏசியிருக்கிறார்கள். போனை வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். வருத்தத்தில் பாதி, பெருமையில் பாதி.

மார்ச் 22
காலையில் வந்து எங்கள் லாரியிலிருந்து பெட்டியைக் கழற்றினான். ரிஃபெத் பக்கத்திலேயே நின்று, காப்பிக் கோப்பை காலியாகக் காலியாக ஊற்றிக்கொண்டே இருந்தார். ஒரு கிண்டல்கூட இல்லை. அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

மத்தியானம் நானும் அவரும் மட்டும் நெடுஞ்சாலைக் கடைக்கு, பட்டியலில் உள்ள வேறு பெட்டி வாங்கப் போனோம். பெட்டி வாடகைக்குத்தான், மாதா மாதம் கட்டினால் எப்போது வேண்டுமானாலும் திருப்பித் தரலாம், ஆனால் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும், மூன்று வருடத்துக்குச் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள் என்று கடைப்பெண் விடாமல் சொன்னாள். பார்க்கிங் காசை மிச்சம் பிடிக்க மழையில் அரை மைல் நடக்கிறவர் என் வீட்டுக்காரர். சரி என்றுதான் சொல்வார் என்று நானே பேனாவை எடுத்து நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை.

"மாசா மாசமே போட்டுக்கம்மா" என்றார் அவளிடம். "என் மச்சினன் ஒண்ணு செஞ்சிட்டிருக்கான்."