வியாழக்கிழமை ரெஜிஸ்டர்

பவானிபூர், கல்கத்தா
ஆகஸ்ட் 3, ஞாயிறு

அன்பு மகள் சாதனாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளை ஜெய்ராமும் குழந்தை அக்ஷராவும் அந்தக் கால்கரியில் சௌக்கியமாக இருக்க வேண்டும், நான் இங்கே உடம்பளவில் நன்றாகவே இருக்கிறேன், பிரஷர் மாத்திரையைத் தவறவிடுவதில்லை, மனசளவில் எப்படி என்பது கடைசிவரை படித்தால் உனக்கே தெரியும். போன் இருக்க அப்பா எதற்குக் காகிதத்தில் எழுதுகிறார் என்று கவரைப் பார்த்ததுமே உனக்குத் திக்கென்று இருந்திருக்கும், பயப்படாதே, எனக்கு ஒன்றுமில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்ல வாயெடுத்தேன், மழையைப் பற்றிப் பேசி மாற்றிவிட்டேன், போன வாரம் நீ, அப்பா, டிக்கெட் போட்டாச்சு, திதிக்கு நாலு நாள் முன்னாடியே வந்துடறோம், அம்மா ரெக்கார்டிங் எல்லாத்தையும் நானும் அக்ஷராவும் உக்காந்து மொத்தமா கேக்கப் போறோம் என்று சொன்னபோது நான் சிக்னல் சரியில்லை என்று பொய் சொல்லிப் போனை வைத்தேன். இனியும் மறைத்தால் நான் மனுஷனில்லை. அம்மா பேசி வைத்ததெல்லாம் போய்விட்டது சாதனா. நாற்பத்து மூன்றும் போய்விட்டது. போக்கினது நான்தான்.

நீ இதைப் படித்துவிட்டு எழுந்துபோய் ஒரு வாய் தண்ணீர் குடி, பிறகு மீதியைப் படி. எப்படி நடந்தது என்று ஒன்று விடாமல் சொல்லிவிடுகிறேன், விபத்து நடந்தால் ஸ்டேஷன் மாஸ்டர் ரிப்போர்ட் எழுத வேண்டும், முப்பத்து நாலு வருஷம் சாந்த்ராகாச்சி பக்கத்தில் குப்பை கொட்டினவனுக்கு அதுகூடத் தெரியாமல் போகுமா. ஆன்டிவைரஸ் விஷயத்தில் நான் உன்னோடு போட்ட சண்டையெல்லாம் உனக்கு ஞாபகம் இருக்கும். விண்டோஸ்லயே ஒரு காவல் இருக்குப்பா, வீட்டு கம்ப்யூட்டருக்கு அது போதும், அப்டேட்டை நிறுத்தாதீங்க, கண்டதை அமுக்காதீங்க, முக்கியமானதை ரெண்டு இடத்துல காப்பி எடுத்து வைங்க, தனியா ஒண்ணு வாங்க வேண்டாம் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டாய். நான் கேட்டேனா, சும்மா வருகிற காவல்காரன் தூங்கத்தான் செய்வான் என்று விதண்டாவாதம் பேசி, கரியாஹாட் மார்க்கெட் மாடியில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ரோஹித்திடம் வருஷா வருஷம் ஒரு ஆன்டிவைரஸ் வாங்கிப் போட்டேன். அம்மாகூட, ரெண்டு காவல்காரனை வச்சா அவனுங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருப்பானுங்க, வீட்டை யார் பாக்கறது என்று கிண்டல் பண்ணுவாள். அவள் போன பிறகு எனக்கு அதையெல்லாம் புதுப்பிக்கிற நினைப்பே வரவில்லை, சித்திரையோடு கெடு முடிந்துவிட்டது, அதிலிருந்து திரையின் வலது மூலையில் தினமும் ஒரு சின்னப் பெட்டி வந்து உங்கள் பாதுகாப்பு முடிந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அதை மூடும்போதெல்லாம், ஆமாம், முடிந்துதான் போச்சு என்று நினைத்துக்கொள்வேன்.

ஜூலை எட்டாம் தேதி காலையில் டீயைக் குடித்துவிட்டு அம்மாவின் முதல் வருஷத் திதி எந்தத் தேதியில் விழுகிறது என்று பஞ்சாங்கம் பார்க்கக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்தேன், திரை முழுக்கச் சிவப்பாகிவிட்டது, கூடவே ஒரு அலாரம் ஊளையிட்டது. உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டது, எதையும் தொடாதீர்கள், அணைக்காதீர்கள், உடனே இந்த நம்பருக்குப் போன் பண்ணுங்கள் என்று போட்டிருந்தது. வேறு யாராவது இருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிட்டுப் போயிருப்பார்கள். நான் சிவப்பைப் பார்த்தால் நின்று கன்ட்ரோலுக்குப் போன் பண்ணியே பழகினவன், சிவப்பு எதற்கு விழுந்தது என்று கேள்வி கேட்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. போன் பண்ணினேன், பன்னீர்செல்வம், ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர் என்று பேரும் பதவியும் வேறு சொன்னேன். அந்தப் பக்கம் ஒருத்தன் ரொம்ப மரியாதையாக ஹிந்தியில் பேசினான், ஒரு புரோகிராமை இறக்கச் சொன்னான், கம்ப்யூட்டர் இதை அனுமதிக்கலாமா என்று என்னைக் கேட்டது, அவன் சரி என்று அமுக்கச் சொன்னான், அமுக்கினேன். பிறகு திரையில் ஒரு நம்பர் தெரியும், அதைச் சொல்லுங்கள் என்றான்.

இங்கேதான் சாதனா நான் மோசம் போனது. நீ சின்னப் பிள்ளையாக ஸ்டேஷன் ரூமில் என் மேஜைக்கடியில் உட்கார்ந்து விளையாடும்போது கேட்டிருப்பாய், அடுத்த ஸ்டேஷனுக்கு ஒரு வண்டியை அனுப்புமுன் போனில் பிரைவேட் நம்பர் வாங்குவோம், அங்கே இருக்கும் ஸ்டேஷன் மாஸ்டர் தன் நம்பர் சீட்டைப் பார்த்து ஒன்று சொல்லுவார், நான் திருப்பிச் சொல்லி, மணியோடு எழுதிக்கொள்வேன். அந்தப் பக்கம் இருப்பவர் முகத்தைப் பார்த்ததுகூட இருக்காது, ஆனால் நம்பர் கைமாறியாச்சு என்றால் ஆயிரம் ஜனங்களின் உயிரை அவர் வார்த்தையை நம்பி அனுப்பிவிடுவோம், ஒரு நாளும் யாரும் ஏமாற்றினதில்லை. அந்தப் பழக்கத்தில் ஒவ்வொரு இலக்கமாக நிறுத்திச் சொன்னேன், திருப்பிச் சொல் என்றேன், சொன்னான், டைரியில் ஒன்பது இருபத்திரண்டு என்று மணியும் எழுதினேன். அவ்வளவுதான், என் கை படாமல் மவுஸின் அம்பு தானாக ஊர்ந்தது. நம் படம், நம் கடிதம், அம்மாவின் போல்டர் எல்லாவற்றின் மேலும் அது போய்ப் போய் வந்தது. கார்டு நம்பர் கேட்டபோதுதான் எனக்குப் புத்தி வந்தது, தர மாட்டேன் என்றேன், அதுவரை ஆப் ஆப் என்று மரியாதை கொடுத்துப் பேசினவன் தூ என்று ஒருமைக்கு இறங்கிவிட்டான், நான் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். அப்போதும் அம்மா பேச்சு பத்திரமாகத்தான் இருந்தது.

மறுநாள் ஆட்டோவில் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு கரியாஹாட் போனேன். ரோஹித்மேல் எந்தத் தப்பும் இல்லை, என்னைச் சித்தப்பா முறை வைத்துக் கூப்பிடுகிறவன், பார்த்துவிட்டு, காகு, அந்தச் சிவப்புப் பக்கம் வெறும் படம், அதை மூடியிருந்தால் போதும், உள்ளே ஒரு வைரஸும் வந்ததில்லை, நீங்கள் இறக்கின புரோகிராமை நான் எடுத்துவிடுகிறேன் என்றான். நான் விடவில்லை, சந்தேகம் என்றால் பாதுகாப்பான வழியையே பிடி என்பது எங்கள் ரூல் புத்தகத்தில் முதல் பாடம், அந்தப் போன்காரன் எங்கேயாவது எதையாவது ஒளித்து வைத்திருந்தால் என்ன செய்வது, மொத்தத்தையும் துடைத்துவிட்டுப் புதுசாகப் போடு என்று பிடிவாதம் பிடித்தேன். முக்கியமான டேட்டா எதாவது இருக்கா காகு, காப்பி இருக்கா என்று அவன் இரண்டு தரம் கேட்டான். எல்லாம் பென் டிரைவில் இருக்கிறது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன், நீ சொன்னாயே என்று பொங்கலுக்கே காப்பி எடுத்து பீரோவில் அம்மா புடவைக்கு நடுவில் வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து புதுக் கம்ப்யூட்டர் மாதிரி பளிச்சென்று இருந்ததில் பென் டிரைவைச் சொருகித் திறந்தேன், அம்மா போல்டரின் படம் இருந்தது, அமுக்கினால் திறக்கவில்லை. மறுபடி ரோஹித்திடம் ஓடினேன், அவன் பார்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னான். திரையில் இருந்த குறுக்குவழிக் குறியை மட்டும் நான் காப்பி பண்ணியிருக்கிறேன், உள்ளே இருந்தது வரவே இல்லை, பார்சலில் ஒட்டின லேபிளை மட்டும் கிழித்துக்கொண்டு வந்து பார்சல் வந்துவிட்டது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பாவம் அந்த ரோஹித் நாலு நாள் கடையில் மற்ற வேலையை விட்டுவிட்டு மீட்கப் பார்த்தான், சில ஃபைல்களின் பேர்கள் மட்டும் வந்தன, எதுவும் பேசவில்லை. ஆன்டிவைரஸைப் புதுப்பிக்காததால்தானே இப்படி ஆச்சு என்று கேட்டேன், இல்லை காகு, எது இருந்திருந்தாலும் நீங்களே கதவைத் திறந்துவிட்டால் அது என்ன செய்யும், கம்ப்யூட்டர் உங்களைக் கேட்டதே என்றான். நீ சொன்னதுதான் சரி, அதிலேயே இருந்த காவல் போதுமாகத்தான் இருந்தது, காவல் இல்லாமல் இருந்தது உன் அப்பன்தான்.

உனக்கு எதைப் பறித்தேன் என்று எனக்குத் தெரியும். அவை எல்லாம் உன் கதை. இவளே பாதி வங்காளி, இவ பொண்ணுக்கு யார் தமிழ்ல சொல்றது, இவ எப்படி வளர்ந்தான்னு அக்ஷராவுக்கு நான்தான் சொல்லி வைக்கணும் என்று அம்மா ஆரம்பித்தாள். வாரா வாரம் அனுப்பேன் என்றால் கேட்கமாட்டாள், பாதிப் பாதியா குடுத்தா பசி அடங்காது, முழுசா முடிச்சுட்டு ஒரேயடியா அனுப்பறேன் என்பாள். வியாழக்கிழமைதான் அவளுக்கு வசதி, கீழ்வீட்டு அண்ணி, நம் பௌதி, லக்ஷ்மி பூஜையில் உட்கார்ந்துவிடுவாள், காலிங்பெல் அடிக்க ஆள் இல்லை. ஃபேனை நிறுத்திவிட்டு, கம்ப்யூட்டர் எதிரே நாற்காலியில் வேர்க்க வேர்க்க உட்கார்ந்து பேசுவாள், என்னை அறைக்குள் விடமாட்டாள், நீங்க எதிர்ல உக்காந்தா எனக்கு வெக்கமா இருக்கு என்பாள். கீழே பௌதி சங்கு ஊதினால் முடித்துக்கொள்வாள். காரியம் முடிந்த அன்றைக்கு நீ ஒன்றைப் போட்டாய், ஹலோ, சிவப்பு லைட்டு எரியுதா, எரியுது, என்று அவள் சொன்னதுமே அதை நிறுத்திவிட்டு, இப்போ முடியலப்பா, வருஷத்துக்கு வரும்போது கேக்கறேன் என்று அழுதாய். அன்றைக்கே முழுக்கக் கேட்கச் சொல்லியிருக்கலாமே என்று இப்போது சுவரில் முட்டிக்கொள்கிறேன். நான் கேட்டிருக்கலாம், உன்னோடு சேர்ந்து கேட்கலாம் என்று தொடாமல் வைத்தேன், எனக்கும் தைரியம் இல்லை.

இருப்பது ஒன்றுதான், அதைச் சொல்லிவிடுகிறேன். கை சும்மா இருக்காதே, வெளி அறையில் உட்கார்ந்து ஒரு பழைய நோட்டில் கோடு போட்டு வண்டி ரெஜிஸ்டர் மாதிரியே அவள் பேச்சை எழுதி வைத்தேன். தேதி, ஆரம்பித்த மணி, முடிந்த மணி, கடைசிக் கட்டத்தில் குறிப்பு. அம்மா பார்த்துவிட்டு, என்னையும் கூட்ஸ் வண்டி ஆக்கிட்டீங்களா என்று சிரித்தாள், அந்தச் சிரிப்பையும் குறிப்பில் எழுதியிருக்கிறேன். நாலு பத்து, நாலு முப்பத்தைந்து, சாதனா யார்டு பக்கம் காணாமல் போனது, நடுவில் இருமல். நாலு ஐந்து, நாலு இருபது, சாதனா ஸ்கூலில் ஒரியா டீச்சரைக் கடித்தது, மூன்று தரம் சிரித்தாள். நாலு இரண்டு, நாலு நாற்பது, சாதனாவுக்கு டைபாய்டு, அழுதாள், நான் கதவைத் தட்டவில்லை. கதவு வழியாகக் காதில் விழுந்ததையெல்லாம் இந்த மூன்று வாரமாக ஞாபகப்படுத்தி ஒவ்வொன்றின் பக்கத்திலும் எழுதிக்கொண்டு வருகிறேன், பதினேழு வரை வந்திருக்கிறேன், எனக்கு அவளை மாதிரிச் சொல்ல வராது, அவள் அரை மணி சொன்னது என் கையில் நாலு வரியாகிவிடுகிறது.

நாற்பத்து நாலாவது என்று ஒன்று நோட்டில் இருக்கிறது. சாதனா கனடா கிளம்பின நாள் என்று அவளே கதவைத் திறந்து தலைப்புச் சொல்லிவிட்டுப் போனாள், ஆரம்பம் நாலு எட்டு. நான் அடுப்படிக்கு டீ போடப் போய்விட்டேன், ஒன்றும் காதில் விழவில்லை. திரும்பி வந்தபோது ஃபேனைப் போட்டுக்கொண்டு கட்டிலில் படுத்திருந்தாள், மார்ல என்னமோ பண்ணுது, மீதியை அடுத்த வாரம் சொல்லிக்கறேன் என்றாள், பாதியில் விட்டதைச் சேமிக்கவில்லை. அதற்கு ரெண்டாம் நாள்தான் அவள் போனது. ஒரு வண்டி புறப்பட்டு, வந்து சேர்ந்த மணி எழுதவில்லை என்றால் அந்தப் பாதையில் வேறு வண்டியை விடக்கூடாது, வெறுங்கட்டம் விட்டுவிட்டு ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுக்குப் போகவும் கூடாது. அந்தக் கட்டத்தை இந்த ஒரு வருஷமாக நான் வெறுமனே விட்டிருக்கிறேன். நீ கிளம்பின அந்த நாள் என்ன நடந்தது, ஏர்போர்ட்டில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போகும்போது அம்மா உன் காதில் என்ன சொன்னாள், எனக்குத் தெரியாது, நான் டாக்சிக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். உயிரோடு இருக்கிறவர்களில் அது உனக்கு மட்டும்தான் தெரியும். என்மேல் கோபமாக இருந்தால் பேசாமலேகூட இரு, ஆனால் டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிவிடாதே. வியாழக்கிழமை பார்த்து அந்த நாற்காலியில் அக்ஷராவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து அந்த ஒன்றை மட்டும் நீ அவளுக்குச் சொல்லு, நான் வழக்கம்போல வெளி அறையில் இருக்கிறேன், பௌதி சங்கு ஊதினதும் மணியை எழுதிக்கொள்கிறேன்.

இங்கே மழை விட்டபாடில்லை, சந்து முனையில் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் வந்து இறங்கிவிட்டது, பௌதிக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, உன்னைக் கேட்டாள். கம்ப்யூட்டர் இப்போது வெகு வேகமாக ஓடுகிறது, இனி எதுவும் உள்ளே வராது காகு என்கிறான் ரோஹித், வந்து எடுக்க அதில் என்ன இருக்கிறது. மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் என் ஆசீர்வாதம், நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி இருக்க வேண்டும், அம்மா இருந்து சொல்ல வேண்டியதையும் சேர்த்து நானே சொல்லிக்கொள்கிறேன். மறந்துவிடாதே, உன் போனில் அம்மா எப்போதாவது அனுப்பின வாய்ஸ் மெசேஜ், சாப்பிட்டியா என்று கேட்டதாக இருந்தாலும் சரி, போனை எடுக்கலை என்று திட்டினதாக இருந்தாலும் சரி, இன்றைக்கே வேறு இரண்டு இடத்தில் காப்பி எடுத்து வை, எடுத்ததைத் திறந்து பார், பேசுகிறதா என்று காதால் கேட்டுவிட்டு மூடு.

இப்படிக்கு,
உன் அப்பா
பன்னீர்செல்வம்