நீல வெளிச்சத்தில் திரிந்த மருந்து

குருநகர்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் ஜெசிதாவுக்கு,

ஆண்டவர் துணையோடு அம்மா எழுதுவது. தொலைபேசியில் கதைத்தால் அப்பா பக்கத்திலேயே இருப்பார். அதனால்தான் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். தனியே இருக்கும்போது வாசி.

லெனாட் மாமாவின் மகளுக்கு ஞாயிறன்று கோயிலில் முதல் நன்மை கொடுத்தார்கள். நீ ஜேர்மனியிலிருந்து அனுப்பிய வெள்ளைச் சப்பாத்து அளவாக இருந்தது. அப்பாவும் கோயிலுக்கு நடந்தே வந்தார். காலில் நோவே இல்லை என்று எல்லோரிடமும் பெருமையடித்தார். எனக்கு அந்தப் பெருமைதான் பயமாக இருக்கிறது.

அவருடைய காலிலுள்ள நீரிழிவுப் புண்ணுக்கு நீ லீவில் வந்தபோது தந்த பால் மருந்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். எண்ணெய்த் துளிகளுக்குள் மருந்து இருக்கிறது, இறால் கோதிலிருந்து எடுத்த கண்ணுக்குத் தெரியாத துகள்கள் சுற்றிக் காவல் நிற்கின்றன, நீல வெளிச்சம் பட்டால் காவல் விலகி மருந்து வெளியே வரும் என்று விளக்கினாய். புண்ணில் பூசிச் சின்ன டோர்ச்சைக் கொஞ்ச நேரம் பிடித்தால் போதும், வெளிச்சம் கூடினால் மருந்து நல்ல தசையையும் தின்றுவிடும் என்றாய். அதற்காகத்தான் போத்தலைக் கறுப்புத் தாளில் சுற்றித் தந்தாய்.

அப்பா அந்தத் தாளை உரித்துவிட்டார், பிள்ளை. இயேசுவின் திருஇருதயப் படத்துக்கு முன்னால் எப்போதும் எரிகிற நீல மின்குமிழுக்குக் கீழேயே போத்தலை வைத்திருக்கிறார். நான் கண்டு சத்தம் போட, "மூடிக்கட்டி வைச்சால் ஆண்டவர் என்னெண்டு ஆசீர்வதிக்கிறது?" என்று கேட்டார். மருந்து திரிந்த பால் போல, எண்ணெய் வேறு தண்ணீர் வேறாகக் கிடந்தது. அதைக் குலுக்கிக் குலுக்கி ஒரு கிழமையாகப் பூசியிருக்கிறார்.

புண் இப்போது குதிக்கால் வரை போய்விட்டது. விரல்கள் கறுத்துவிட்டன. கிட்டப் போனால் அழுகல் மணக்கிறது. நோகவில்லைதானே, சுகமாகிறது என்கிறார். ஆஸ்பத்திரி என்றால் சீறி விழுகிறார். அந்த மருந்தை இன்னும் மனிதருக்குக் கொடுத்துப் பார்க்கவில்லை, நீ ஆய்வுகூடத்தில் கேளாமல் எடுத்து வந்தது என்று அவருக்குத் தெரியும். "நீ வாயைத் திறந்தியெண்டால் பிள்ளையின்ரை படிப்பு துலைஞ்சுது" என்கிறார். வெள்ளிக்கிழமை கடலுக்குப் போக வலையை ஏற்றவும் சொல்லிவிட்டார்.

நேற்று அவர் உன்னோடு தொலைபேசியில் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தபோது, நான் அவருடைய பெருவிரலில் ஊசியால் குத்தினேன். ஆழமாகவே குத்தினேன். சிரிப்பு நிற்கவில்லை. நீயும் கேட்டிருப்பாய்.

நாளை காலை லெனாட்டைக் கூட்டிக்கொண்டு அவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கப் போகிறேன். மறுத்தால் தூக்கிக்கொண்டு போவோம். என்ன பூசினீர்கள் என்று டொக்டர் கேட்பார். போத்தலைக் கொடுப்பேன். யார் தந்தது என்றால் உன் பெயரையும் சொல்வேன். அதற்குள் என்ன இருக்கிறது என்று நீயே எழுதி உடனே அனுப்பு.

கோபிக்காதே, மகள். மாதா உன்னைக் கைவிடமாட்டா. உன் படிப்பையும் அப்பாவின் காலையும் ஒரே செபத்தில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அப்பாவின் காலைத்தான் கேட்டேன்.

உன் அம்மா,
செபஸ்தியம்மா