பக்கத்து வீட்டுக்காரர் என்று நான் சொன்னவர்

என் அருமைத் தங்கச்சி சின்னத்தங்கம்,

நீ கண்மூடிப் போன பிறகுதான் துறைமுகத்தில் குண்டு விழுந்தது. அந்தச் சத்தத்தை நீ கேட்கவில்லை என்பது எனக்கு ஆறுதல். பிளேனுக்கு வெளிச்சம் தெரியாமலிருக்க இன்றும் எங்கள் சன்னல்களில் கறுப்புத்துணி தொங்குகிறது. ஆனால் நான் சொல்ல வந்தது யுத்தத்தைப் பற்றி அல்ல, உன் கணவரைப் பற்றி.

அன்று காலை மச்சான் துறைமுகத்துக்கு வேலைக்குப் போயிருந்தார். குண்டு விழுந்த அதிர்வில் பண்டகசாலைக் கூரைமரம் ஒன்று முறிந்து அவர் நெற்றியில் விழுந்தது. காயம் ஆறிவிட்டது; ஒரு பள்ளம்தான் மிச்சம். நடக்கிறார், கணக்குப் பார்க்கிறார், உன் மகள் பூமணியின் நட்சத்திரத்தைப் பிழையில்லாமல் சொல்கிறார். பகிடி, சிரிப்புப் பேச்சு மட்டும் அவருக்கு விளங்குவதில்லை.

உன்னால் நம்ப முடிகிறதா? "உன்ர அண்ணர் எமன் வந்தாலும் செருப்பை வெளியில கழற்றிப்போட்டு வரச் சொல்லுவார்" என்று உன்னைச் சிரிக்கவைத்த மனிதர் அல்லவா? எனக்குத்தான் திருப்பிச் சொல்ல ஒரு நாளும் வாய் வந்ததில்லை.

இப்போது அடுத்த வீட்டுக்காரி, "என்ர பொடியன் பசி வந்தால் பானையையும் சேர்த்து விழுங்குவான்" என்றால், "பானையை விழுங்க ஏலாது, தொண்டை கிழிஞ்சுபோம்" என்கிறார். அவள் சிரித்தால், "ஏன் சிரிக்கிறியள்?" என்று கேட்கிறார். அவள் முகம் பிறகு சுருங்குவதும் அவருக்குத் தெரிவதில்லை. மூளையின் முன்பக்கம் அடிபட்டால் சிலருக்கு இப்படி ஆகும், அறிவு இருக்கும், எதிரில் நிற்பவர் மனதில் என்ன ஓடுகிறது என்பது பிடிபடாது என்றார் டாக்குத்தர். விளங்கியவன் போலத் தலையாட்டினேன். விளங்கியவன் செய்கிற வேலையா நான் செய்தது?

போன கிழமை கட்டைபறிச்சானிலிருந்து பூமணியைப் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல இடம். மாப்பிள்ளைப் பகுதி வந்தால் பகிடியும் வரும். பதிலுக்குப் பகிடி விட்டால்தானே இரண்டு குடும்பமும் ஒட்டும்? எனக்குப் பயம் பிடித்துவிட்டது. தகப்பன் வைத்தியத்துக்காகத் தோப்பூரில் நிற்கிறார் என்று சொல்லிவிட்டு, மச்சானைக் குசினிக்குள், அடுப்புக்குப் பின்னால் இருத்தினேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

மாப்பிள்ளையின் தாய்மாமன் முறுக்கைக் கடித்துப் பார்த்தார். "இதை வெள்ளைக்காரனிட்டக் குடுங்கோ, யப்பான்காரன்ர பிளேனுக்கு எறியட்டும்!"

எல்லோரும் சிரித்தோம். அந்த நேரம் மச்சான் உள்ளேயிருந்து வந்து நின்றார்.

"முறுக்கு எறிஞ்சு பிளேன் விழாது. அதுக்குப் பீரங்கி வேணும்."

தாய்மாமன் இன்னும் பலமாகச் சிரித்தார். "ஆள் சோக்கான பகிடிக்காரன்! ஆர் இவர்?"

"பக்கத்து வீட்டுக்காரர்" என்றேன். வாய் கூசவில்லை, தங்கச்சி.

"இல்லை மச்சான், பிழையாய்ச் சொல்லுறியள். நான் பூமணியின்ர தகப்பன். தோப்பூருக்கு நான் போகேல்லை."

அந்தக் குரலில் கோபமில்லை, நோவுமில்லை. நான் ஏதோ மறந்துவிட்டேன் என்று எண்ணித் திருத்தினார். அவரை நான் ஒளித்தேன் என்பதே அவருக்குத் தோன்றவில்லை. அவர் ஏசியிருந்தால் தலைகுனிந்து கேட்டிருப்பேன். இதற்கு எப்படித் தலை குனிவது?

பூமணி ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள். "ஓம், இவர்தான் என்ர அப்பா."

தாய்மாமனின் சிரிப்பு நின்றது. "அவருக்குச் சுகமில்லை எண்டால் அது நோய், குற்றமில்லை. நீங்கள் அவரை ஒளிச்சதுக்கு என்ன பேர், ஐயா?" என்று என்னைக் கேட்டுவிட்டு எழுந்தார். எல்லோரும் போய்விட்டார்கள்.

அன்றிலிருந்து பூமணி என்னோடு கதைப்பதில்லை. சோற்றை வைத்துவிட்டுப் போகிறாள். "பிள்ளைக்குத் தொண்டை நோவோ, மச்சான்?" என்று அவர் கேட்கிறார்.

வெள்ளிக்கிழமை வள்ளமேறிக் கட்டைபறிச்சானுக்குப் போகிறேன். மச்சானும் வருகிறார். அங்கே அவர் எதைச் சொல்லி வைப்பாரோ தெரியாது, சொல்லட்டும். நான் முந்திக்கொண்டு, "இவர் பூமணியின் தகப்பன், பொய் சொன்னவன் நான்" என்று சொல்லிவிட வேண்டும். சம்பந்தம் கூடிவருமா? அது என் கையில் இல்லை. கூடினாலும் கூடாவிட்டாலும், இனி எந்தச் சபையிலும் "ஆர் இவர்?" என்று கேட்பவருக்கு என் வாயிலிருந்து ஒரே பதில்தான் வரும். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் அண்ணன்,
பூமணியின் மாமன்,
அவள் அப்பாவின் மச்சான்.