இடது கை வீணைக்கு ஓர் உறை

பீரோவைத் திறந்தால், பூச்சி உருண்டை வாசனையோடு முதலில் கைக்கு வருவது உங்கள் வீணையின் உறைதான். கருநீலத் துணி, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தது, குடத்துக்கான அகலம் இடது பக்கம். ஜிப் இன்றும் தடையில்லாமல் ஓடுகிறது. வீணைதான் இல்லை. இருந்ததும் இல்லை.

முப்பது வருடம் வேங்கிக்கால் அலுவலகத்தில் ஒரே அறையில், எதிரெதிர் மேசையில் உட்கார்ந்தோம். ஒருவரையொருவர் ‘சார்’ என்றே அழைத்துக்கொண்டோம். பில் தணிக்கை உங்கள் வேலை. பெஞ்சு செய்து தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்டு வந்த ஒப்பந்தக்காரரிடம், “மரத்தக் காட்டுங்க, அறுத்ததக் காட்டுங்க, அதுக்கேத்த மாதிரி வாங்கிக்குங்க. மொத்தமா எதுக்குங்க?” என்று நீங்கள் கேட்டபோது அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். “ரசீது இல்லாத செலவு, செலவே இல்ல சார். வதந்தி” என்பீர்கள்.

இதையெல்லாம் வலது கையால் எழுதினீர்கள். பள்ளிக்கூடத்தில் முட்டியில் ஸ்கேலால் அடித்து மாற்றிய கை அது. ஓய்வு பெற்ற பிறகு வீணை வகுப்பில் சேர்ந்தீர்கள். அங்கிருந்த வீணை எல்லாரையும் போல வலது கையால் மீட்டுவது. ஆறு மாதம் போராடினீர்கள். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்துவிட்டு வந்த வாரம் என்னிடம் சொன்னீர்கள்: “எழுத்தத்தான் மாத்திட்டாங்க. இதையாவது என் கையால வாசிச்சுட்டுப் போறேன் சார்.” எல்லாம் திசை மாற்றிச் செய்த வீணை ஒன்று வேண்டும். அதற்கு நமக்கு ஆளும் இருந்தார்.

இசைக்கருவிக் கடைக்காரர். பௌர்ணமிதோறும், கூட்டம் கம்மியாக இருக்கும் என்று விடியற்காலையில் நம்மோடு செருப்பில்லாமல் மலையைச் சுற்றும் மூன்றாவது ஆள். செய்கிறவர் தஞ்சாவூர்ப் பக்கம். இவர் ஆர்டர் எடுத்து அனுப்புகிறவர். “இடது கை வீணைங்க. நீங்க வேணாம்னா வேற யார்கிட்டயும் தள்ள முடியாது. அதான் முழுசா குடுத்துடுங்க” என்றார். அடுத்த பௌர்ணமியன்று, சுற்றி முடித்த காலோடு, அவர் கடையில் வெற்றிலைத் தட்டில் பணத்தை வைத்து, மேலே ஒரு ரூபாய் நாணயமும் வைத்து, இரண்டு கையாலும் கொடுத்தீர்கள். அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வெளியே வந்ததும், “ரசீது?” என்றேன்.

“கூட மலையைச் சுத்தறவர்கிட்ட ரசீது கேப்பீங்களா சார்? தட்டுல வெச்சுக் குடுத்தது.”

பெஞ்சு ஒப்பந்தக்காரர் கிரிவலம் வராமல் விட்டது அவருடைய துரதிர்ஷ்டம். உங்களைக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நானும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

அன்றே உறைக்கு அளவு கொடுக்கப் போனோம். தையல்கடை பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “வீணைய எடுத்துட்டு வாங்க சார். வராத பொண்ணுக்கு ஜாக்கெட் தைக்கச் சொல்றீங்களே!”

“வந்துனே இருக்கு பாய். நீங்க தைங்க.”

செய்தித்தாளில் நீங்கள் வரைந்து கொடுத்த படத்தை வைத்துத் தைத்தார். வாங்கிய சிறு தொகைக்கும் சீட்டு எழுதினார். வேண்டாம் என்றீர்கள். “நீங்க நல்லவருதான் சார். எனக்குத்தான் மறதி ஜாஸ்தி” என்று கையில் திணித்தார். எட்டாம் நாள் உறை தயார்.

வீணைக்கு முதலில் பலா மரம் ஈரம். பிறகு செய்கிறவர் மகளுக்குக் கல்யாணம். பிறகு மழை. பிறகு, வெயிலில் மெட்டுகளைப் பதிக்கும் மெழுகு நிற்காது என்றார். வெயில் இல்லாத மாதம் எது என்று கேட்டோம். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். நீங்கள் கட்டில் விளிம்பில் இடது கை விரல்களால் தாளம் தட்டிக்கொண்டு பதினான்கு மாதம் காத்திருந்தீர்கள். செய்கிறவர் பெயரைக் கேளுங்கள், நேரே போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றேன். “சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடும் சார்” என்றீர்கள். பதினைந்தாம் மாதத்துக்கு நீங்கள் இல்லை.

கடைக்காரர் பெரிய ரோஜா மாலையோடு வந்தார், உண்மையாகவே அழுதார். காரியம் முடிந்து கடைக்குப் போனேன். “பாதிக்கு மேல ஆயிடுச்சுங்க. ஆனா வாசிக்க வேண்டியவரே போயிட்டாரே, இத யார் தலைல கட்டறது?” என்று என்னிடமே நியாயம் கேட்டார். பாதியையாவது காட்டுங்கள் என்றேன். தொலைபேசியில் ஒரு படம் காட்டினார். அந்த வீணைக்குக் குடம் வலது பக்கம் இருந்தது.

நுகர்வோர் மன்றத்தில் புகார் கொடுக்கப் போனேன். அங்கிருந்த பெண் என் தாளை இரண்டு முறை பொறுமையாகப் படித்தார்.

“ரசீது இருக்குங்களா ஐயா?”

“இல்லம்மா.”

“அவருக்கு நீங்க என்ன வேணும்?”

“கூட நடந்தவன்.”

அப்படியொரு கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை. அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபமும் இல்லை. அந்த நாற்காலியில் நீங்கள் இருந்திருந்தாலும் அதே தாளைத் திருப்பித்தான் தந்திருப்பீர்கள்.

உறையை உங்கள் வீட்டம்மா என்னிடம் கொடுத்துவிட்டார். “நீங்களே வெச்சிக்குங்கண்ணா. வந்தா போடணும் இல்ல” என்றார். வராது என்று நான் சொல்லவில்லை. அவருக்கும் தெரியும்.

போன பௌர்ணமிக்கும் நடந்தேன். அடி அண்ணாமலை டீக்கடையில் கடைக்காரர் எனக்கும் சேர்த்து டீ சொன்னார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, குடித்தேன். “எதனா ஒரு வழி பண்ணிடலாம் சார்” என்றார். தலையாட்டினேன். உங்களுக்கு இருந்த கூச்சம்தான் எனக்கும்.

என் சட்டைப்பையில் அப்போது பாய் எழுதிய சீட்டு இருந்தது. உறைக்குள்ளிருந்து எடுத்தது. நீங்கள் கேட்ட வீணையைப் பற்றி இந்த ஊரில் எழுத்தில் இருப்பது அது ஒன்றுதான்: ‘இடது கை வீணை உறை ஒன்று. பாக்கி இல்லை.’